கடனின் நோக்கம்

படிவத்தில் ஏழாவது கட்டம்.
கடனின் நோக்கம் என்று கேட்கும்.
அவர்கள் வாய் திறக்கு முன்னே எழுதிவிடுவேன்:
சுயதொழில்.
கோழி என்றாலும், கூரைக்குத் தகரம் என்றாலும்,
மகளின் சாமத்தியச் சடங்கு என்றாலும்
சுயதொழில்.
ஒன்பது வருடம்.
கை அதை எழுதிக்கொண்டிருக்க
வாய் அடுத்த கேள்விக்குப் போயிருக்கும்.

செவ்வாய் மகிழடித்தீவு,
புதன் முனைக்காடு,
வியாழன் அம்பிளாந்துறை.
ஆரையம்பதியில் இருந்து
மண்முனைப் பாலம் ஏறும்போதே
வாவிக் காற்று ஸ்கூட்டியை ஒரு பக்கம் தள்ளும்.
அதுவும் லீசிங்கில் எடுத்ததுதான்.
சைலன்சரில் ஓட்டை.
சத்தம் கேட்டால் கதவுகள் சாத்திக்கொள்ளும்.
அடுப்பில் புகை இருக்கும், ஆள் இருக்காது.
நாய்க்கு மட்டும் பொய் தெரியாது,
கொல்லைப் பக்கம் பார்த்து வாலாட்டும்.

யோகமலர் வீட்டில்
எங்கள் கடனில் வாங்கிய தையல் மெசின்
ரைஸ் குக்கருக்கு மேசையாக நின்றது.
"அடிநூல் பிடிக்குதில்ல மிஸ்.
டவுனுக்குக் கொண்டுபோகக் காசில்ல."
அடிநூல் பிடிக்கவில்லை,
தவணையை நாங்கள் பிடித்தோம், வாராவாரம்.

ஒரு நாள் அவளுக்காக
பன்னிரண்டு பெண்களை
விளக்கு வைக்கும்வரை மாமரத்தின் கீழ் இருத்தி வைத்தேன்.
"காசு வராம ஒருத்தரும் எழும்பேலா."
என் குரல்தான் அது.
கடைசியில் யாரோ ஒருத்தி
காதில் கிடந்ததைக் கழற்றிக்கொண்டு ஓடினாள்.
வந்த காசை எண்ணினேன், ரசீது கிழித்தேன்.
வீட்டுக்கு வந்து சோறு தின்றேன்.
நித்திரையும் வந்தது.
அதுதான் பயமாக இருந்தது.

காத்தான்குடியில் பழைய இரும்புக் கடையில்
இரண்டு செத்த மெசின் வாங்கினேன்.
போனில் வீடியோ ஓட ஓடக் கழற்றினேன்.
பூட்டி முடிந்தபோது
மூன்று திருகாணி மிச்சம்.
அடுத்த தரம் ஒன்று.
அதற்கடுத்த தரம் ஒன்றும் மிச்சமில்லை,
ஆனால் ஊசி உடைந்தது.
ஒரு ஞாயிறு, குசினி நிலத்தில்,
பழைய தலையணை உறையின் ஓரத்தில்
கீழிருந்து நூல் மேலே வந்தது.
கிழிந்து போகும்வரை அந்த உறையைத் தைத்தேன்.

"அடுத்த மாசம் உங்களுக்குப் புரமோஷன் மிஸ்,"
என்றார் முகாமையாளர், கடிதத்தைத் தொடாமல்.
"மாசச் சம்பளத்த ஆராச்சும் எறிவாங்களா?"
என்றா மாமி, வெங்காயத்தைப் பார்த்து.
தயாபரன் ஒன்றும் சொல்லவில்லை.
பல் துலக்கினான்,
வழமையை விட நேரமாக.

சீட்டுக்காசில் ஒரு பெட்டி,
திருப்புளி, குறடு, எண்ணெய்க் குப்பி,
பத்துப் பெல்ட்.
அதே செவ்வாய்க்கிழமை.
அதே பாலம், அதே ஓட்டைச் சைலன்சர்.
கதவுகள் அதே ஒழுங்கில் சாத்தின.

"லோன் கேக்க வரல்ல புள்ள,
மெசின் பாக்க வந்தனான்."
கதவுக்குப் பின்னால் நெடுநேரம்
ஒரு மூச்சு மட்டும்.
பிறகு,
"எவ்வளவு எடுப்பீங்க?"

குக்கரை அவளே இறக்கி வைத்தாள்.
தட்டைத் திறந்தேன்:
பஞ்சு, கறள், செத்த எறும்புகள்,
எப்படியோ போய்ச் சிக்கிய ஒரு நெல்மணி.
ஊசி இறங்கும் நேரமும் கொக்கி சுழலும் நேரமும்
ஒரு மயிரளவு பிசகு.
இத்தனை வருடமும் அந்த மயிரளவுதான்.
வெயில் முற்றம் கடந்து போனது.
"இப்ப மிதிச்சுப் பாருங்க," என்றேன்.
மிதித்தாள்.
அந்தச் சத்தத்தில்
என் பிடரி மயிர் எழும்பியது.
அவள் சிரிக்கவில்லை.
தேத்தண்ணியும் தரவில்லை.

சம்பளத்தோடு பார்த்தால்
பாதியும் தேறாது இந்த மாதம்.
இரண்டு தரம் கணக்குப் பார்த்தேன்,
இரண்டு தரமும் அதே எண்.

யோகமலர் தாள்களைத் தடவி எண்ணித் தந்தாள்.
பிறகு கையை நீட்டினாள்.
"ரசீது?"

ரசீதுப் புத்தகம் கம்பனியில்.
கலண்டரில் போன மாதத்தைக் கிழித்து
முழங்காலில் வைத்தேன்.
பழக்கத்தில் கை
"சுய" என்று தொடங்கிவிட்டது.
வெட்டினேன். எழுதினேன்:
அடிநூல் பிடிக்கவில்லை.
இப்போது பிடிக்கிறது.
ரூபாய் அறுநூறு.

பக்கத்து வீட்டுக் கதவு
இன்னும் சாத்தித்தான் இருந்தது.
நாய் கொல்லைப் பக்கம் பார்த்தது.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு
படலையில் நின்று கூப்பிட்டேன்.