நாற்பத்திரண்டில் காய்ச்சல்

ஆயர் ஈத்தாம் அணை இறக்கம்.
வேகம் நாற்பத்திரண்டைத் தொட்டதும்
ஹேண்டிலுக்குக் குளிர்காய்ச்சல்.

"பயத்துல நீதான் நடுங்குற லா" என்றான் துர்க்கேசன்,
இறக்கத்தில் பிரேக்கை விட்டறியாதவன்.

சரி,
என்னையே முதலில் சோதித்தேன்.
பிடியைத் தளர்த்தினேன்: இன்னும் ஆடியது.
முட்டியை மேல்குழாயில் அழுத்தினேன்:
தட்டிய வெண்கலக் கிண்ணத்தை
விரல் தொட்டதுபோல் அடங்கியது.

ஆக, இரும்பு.
இரும்பில் எங்கே?

ஐந்தாம் மாடி நடைபாதையில்
காயும் துணிகளுக்கடியில் தலைகீழாக நிறுத்தி
சக்கரத்தைச் சுற்றினேன். கோணல் இல்லை.
டயர் மாற்றினேன்.
முன்கூடையைக் கழற்றினேன்; மழைக்கோட்டோடு ஒரு கிலோ போயிற்று.
ஞாயிறு மறுபடி இறக்கம்.
மறுபடி காய்ச்சல்.

கடைசியில் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து
ஹேண்டிலை ஒற்றை விரலால் தள்ளினேன்.
நேராக வந்ததும் டக்கென நின்றது,
பழகிய பள்ளத்தில்.
கிரீஸைத் துடைத்தால்
சொங்காக் பலகைபோல வரிசைக் குழிகள்.
பத்து வருடமாகக் குண்டுகள் ஒரே இடத்தில் குத்தியவை.

ஜாலான் பர்மா, மிஸ்டர் இயோ, எண்பத்தைந்து வெள்ளி.
குண்டுகள் போய் உருளைகள் வந்தன.

இன்று நாற்பத்திரண்டு சும்மா போயிற்று.
நாற்பத்தாறும்.
ஐம்பதில் மட்டும் ஒரு முணுமுணுப்பு,
முட்டியைக் குழாயில் வைத்தேன்.

எங்கோ மேலே, மூன்று வளைவு தள்ளி,
துர்க்கேசனின் பிரேக் கீச்சிட்டது.