மூணாறு தலைப்பு, இரவுப் பணி

வெண்ணாறு இங்கே மூன்றாகப் பிரிகிறது.
ஷட்டரை ஏற்றிவிட்டு
நீர்மட்டப் பதிவேட்டின் பின்னட்டையில் எழுதுகிறேன்:
ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து
முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.

மூன்றால் வகுத்தால் மீதி இரண்டு.
ஒன்றையும் தன்னையும் தவிர
எதனால் வகுத்தாலும் மீதி.

கிரீஸ் விரலால் கடைசி இலக்கத்தை மறைக்கிறேன்.
பகா எண்.
இன்னொன்றையும். அப்போதும்.
73939
7393
739
73
ஏழு மட்டும் மிஞ்சும்வரை
யாருக்கும் பங்கு வைக்காத பிடிவாதம்.

வாலில் ஒரே ஓர் இலக்கம் கூட்டினால் போதும்,
எதுவானாலும் உடைந்துவிடும்.
அதற்கப்பால் கடல்தான்.

போன். கோட்டூர் ரெங்கதுரை.
"காலையில அத்தனை அடி தொறந்தீங்களே,
எங்களுக்கு எட்டலையே.
மீதி எங்க மேடம்?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு
பாமணியாற்று மதகுக்கு இறங்குகிறேன்.
மேசையில் பதிவேடு
திறந்தபடி.