பதினான்கு

கயானி நகர ஆய்வுக்கூடம், செவ்வாய்க்கிழமை காலை.
அறுபது வயது ரௌனி கெம்ப்பைநென்,
தபால் வண்டி ஓட்டுபவள்,
பல் கட்டிய இடத்தில் முகமூடி அழுத்துகிறது என்றாள்,
பிறகு ஓடும் பட்டையில் ஏறி நின்றாள்.

ஓடும்போது பேச முடியாது. ஆகவே ஓர் அட்டை.
ஆறு என்றால் சும்மா இருப்பது.
இருபது என்றால் இதற்குமேல் இல்லை.
ஏன் ஒன்றில் தொடங்கவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள்.
அவள் கேட்கவில்லை.

அதற்கு முன்பே மூளைக்கும் ஒரு சோதனை வைத்திருந்தேன்:
ஆயிரத்திலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று,
எண்பத்தாறு, எழுபத்தொன்பது,
சில்லறை எண்ணித் தருபவள்போல் சொன்னாள்.
ஒரு நிமிடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

மூன்று நிமிடத்துக்கொரு முறை பட்டை மேடாகும்.
ஒவ்வொரு மேட்டுக்கும் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.
ஒன்பதைக் காட்டினாள். அப்புறம் பதினொன்றை.
வெளியே பனி வாரும் வண்டி வந்து, திரும்பிப் போனது.
இதயம் நூற்று எழுபத்திரண்டு.
மேடு ஏறியும் ஆக்சிஜன் கோடு ஏறவில்லை;
இந்த உடம்பின் கூரை அவ்வளவுதான்.
முழங்கால் தள்ளாட, அட்டையை நீட்டினேன்.
ஈர விரல் பதிந்த இடம்
பதினான்கு.

பனிச்சறுக்கு வீரர்கள், தீயணைப்புக்காரர்கள்,
பதினெட்டிலேயே அம்மாவைக் கூப்பிட்ட ஒரு ராணுவ லெப்டினன்ட்,
இருபத்தாறு வருடத்தில்
கூரையில் தலை இடிக்கும்போது
பதினான்கு என்றவர் எவருமில்லை.
கருவியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.

துண்டால் கழுத்தைத் துடைத்தபடி சொன்னாள்:
"இருபது எனக்குத் தெரியும்.
ஏப்ரல் மாதம், ஓலு ஏரி, பனிக்கட்டி விட்டுப்போன இடம்.
கயிற்றின் இந்த முனையில் நான்."
மறுமுனையில் யார் என்று எழுத
என் படிவத்தில் கட்டம் இல்லை.
கேட்கவும் வாய் வரவில்லை.

விதிப்படி மறுபடியும் கழித்தல்.
இம்முறை நிமிடம் முடிந்ததும் நிறுத்தச் சொல்ல மறந்தேன்,
மறந்ததுபோல் இருந்தேன்.
ஐந்நூறுகளில் ஒருமுறை தடுமாறி, தானே திருத்திக்கொண்டாள்.
இருபத்தேழு.
இருபது என்ற இடத்தில் மூச்சு ஒன்று கூடுதலாக எடுத்தாள்.
பதின்மூன்று.
ஆறு.

"இனிமேல் கழிக்க வராது," என்றாள்,
வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியிருப்பதாகச் சொல்லி
ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தாள்.
இரட்டை முடிச்சு. இழுத்துப் பார்த்தாள்.