நிற்பவர்

நோயாளியுடன் நிற்பவர் பெயர்
என்ற இடத்தில் பேனையை ஊன்றி
நெடுநேரம் இருந்தேன்.
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி,
பெண்கள் வார்ட், பதினேழாம் கட்டில்.
நாளைக் காலை வெட்டு.

பிரதேச செயலகத்தில்
பதினெட்டு வருஷம் படிவம் பார்க்கிறவள் நான்.
ஒரு குடும்பத்துக்கு ஒன்பது பெயர் எழுதிய கை.
இப்போதெல்லாம் இரண்டு பெயர்,
மிச்சக் கட்டங்களுக்குக் குறுக்கே ஒரு கோடு.

அக்கா சுவிஸில். அங்கே இன்னும் விடியவில்லை.
தங்கச்சி கனடாவில். அவளுக்கு இன்னும் நேற்று.
தம்பி டோகாவில், எந்த லொறிக்குள் இருக்கிறானோ.
வட்ஸ்அப் குழுவில் பதினாறு பேர்.
பதினாறு பேரும் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள்.
காசும் போட்டார்கள், பொய் சொல்லக்கூடாது.
கூலிக்கு ஆள் பிடிக்கலாம்:
நாளுக்கு மூவாயிரம், சாப்பாடு வேறு.

அம்மா இருந்திருந்தால் என்று எழுதமாட்டேன்.
அம்மா இருந்திருந்தால்
அவவுக்கும் ஒரு ஆள் தேடியிருப்போம்.

மகளுக்கு ஓ.எல் சோதனை. அன்றைக்குக் கணிதம்.

அப்போதுதான் வனஜரூபி வந்தாள்,
கக்கத்தில் பாய், கையில் சுடுதண்ணிப் போத்தல்,
களுதாவளையிலிருந்து முதல் பஸ்.

என் புருஷனின் தங்கச்சி.
புருஷனாக இருந்தவரின்.
கோடு எங்களைப் பிரித்து ஐந்து வருஷம்.
எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு.
ஆகவே பெட்டியோடு படியிறங்கினது அவர்.
தமையனை அவள் வீட்டுக்குள் எடுக்கவில்லை
என்று கேள்விப்பட்டேன்.
எடுத்தாள் என்றும் கேள்விப்பட்டேன்.
இரண்டையும் அவளிடம் கேட்டதில்லை.

"என்னகா, ஒரு சொல்லுச் சொல்லாம
வந்து படுத்திருக்காய்?"
"உனக்கு ஆரு சொன்ன?"
"உன்ட மகள்தான். நேற்று ராவு
சாப்பிட்டியா எண்டு கேட்டன், அழுதிட்டாள்.
எங்கட வீட்டதான் படுத்தவள். மறுகா என்ன?"

தாதி படிவத்தை எட்டிப் பார்த்தாள்.
"உறவுமுறை?"
நான் வாய் திறக்கமுதல் அவள் சொன்னாள்:
"மச்சாள்."
"கணவரின் சகோதரியா?"
"அவர் இதுக்க இல்ல."

கோயில் திருவிழாவில்
அவளுடைய குடிக்கு ஒரு நாள்,
எங்கள் குடிக்கு வேறு நாள்.
வயிற்றுவார் என்று பிரித்திருக்கிறார்கள்,
எந்தத் தாய் வயிறோ அந்த வார்.
அவளும் நானும் எந்தக் கணக்கிலும்
ஒரு வரியில் வரமாட்டோம்.
என் வயிற்றில் ஒரு துண்டோ
நாளைக்கு ஒரு போத்தலுக்குள் போய்விடும்.

அன்றிரவு கட்டிலுக்கடியில் பாய் போட்டாள்.
வெட்டின இரவு அவள் படுக்கவேயில்லை.
என்னைத் தூக்கினாள், துடைத்தாள்,
சட்டி வைத்தாள், தலையைப் பின்னிவிட்டாள்,
வெற்றிலை விலை விழுந்த கதை சொன்னாள்,
மின்விசிறிக்காகச் சிற்றூழியரோடு சண்டை பிடித்தாள்.
விடியப்புறம், இருட்டுக்குள்:
"ஒரு பொடியன் இருந்தான், இத்தாலிக்கு அனுப்பிட்டன்.
எனக்கு வெட்டினா நீதான் வரோணும்,
இப்பவே சொல்லிப்போட்டன்."
அது கடன் மாதிரியும் இருந்தது,
தைலம் பூசினது மாதிரியும் இருந்தது.

மூன்றாம் நாள் அக்கா வீடியோவில் வந்தாள்.
"பின்னால ஆரு நிக்கிற?"
போனைத் திருப்பிக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அவளுக்கு எவ்வளவு குடுக்கிறாய்?"
நெட் இல்லை, விளங்கவில்லை என்று வைத்தேன்.
நெட் இருந்தது.
வனஜரூபி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.
கேட்டிருக்கும்.
கொட்டைகளை எடுத்துவிட்டுத்தான் தந்தாள்.

துண்டு வெட்டின அன்று
ஓட்டோக்காரனிடம் ஐந்நூறு ரூபாய் குறைத்தாள்.
கல்லடிப் பாலத்தில் காற்று.
அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க வந்தது,
காத்தான்குடி நெரிசலில் மறந்தும் போனது.
ஆரையம்பதியில் எத்தனை வேகத்தடை
என்று அன்றைக்குத்தான் எண்ணினேன்.
ஒவ்வொன்றுக்கும் முன்னால்
"மெதுவா மனே" என்று சாரதிக்கு ஒரு குரல்.
ஒவ்வொன்றிலும்
என் இடுப்புக்கடியில் அவளுடைய உள்ளங்கை.