பட்டை வளையும் நேரம்

முதலில் என் கண்தான் கோளாறு என்று நினைத்தேன்.
கனோரா தாண்டிப் பதினோராவது கிலோமீட்டரில்
சாலை இருந்தது, இல்லை, இருந்தது.

எழுபத்து நாலாம் வருஷத்து ஃபோர்டு.
இழுத்தால் விளக்கெரியும் குமிழ்,
திருகினால் டயல்கள் மங்கும்.
இடதுகால் பக்கம் தரையில் ஒரு பொத்தான்:
மிதித்தால் தூரத்து வயல்வேலி,
மறுபடி மிதித்தால் முன்சக்கரத்தடி மட்டும்.
பூட்ஸிலிருந்து வழியும் உப்புத்தண்ணீர்
குளிர்காலம் தோறும் அதைத் தின்கிறது.

விளக்குகளின் மொத்த மின்சாரமும்
அந்தக் குமிழுக்குப் பின்னால் நுழைந்துதான் போகவேண்டும்,
என் விரலுக்கு ஓரங்குலம் அப்பால்.
அங்கே தகரக்கூட்டுக்குள்
இரண்டு உலோகம் முதுகோடு முதுகு ஒட்டிய பட்டை.
சூடேறினால் ஒன்று அதிகம் நீளும்,
மற்றது பிடிவாதம்.
அந்த இழுபறியில் பட்டை வளைந்து
தொடுமுனை விலகும்.
இருட்டு.
ஆறினால் நிமிரும்.

ஃப்யூஸ் என்றால் ஒரேயடியாகச் செத்திருக்கும்.
இதை யோசித்தவர்
எப்போதோ இருட்டில் மாட்டிக்கொண்டவராக இருக்கவேண்டும்.
ஓரங்கட்டும் வரைக்காவது
விட்டுவிட்டுத் தெரியட்டும் என்று விட்டிருக்கிறார்.

ஓரம் எங்கே இருக்கிறது?
இருபுறமும் இடுப்பளவு பனி. மைனஸ் முப்பத்து நாலு.
ஹாக்கித் தளத்தில் பனி இழைக்கும் வண்டியை நிறுத்திப் பூட்டியபோதே
மணி பன்னிரண்டு.
வீட்டுக்கு இன்னும் இருபத்தேழு கிலோமீட்டர்.
நின்றால் இந்த எஞ்சின் திரும்பப் பேசாது.

எல்லாம் டெல்மர் செய்த வேலை, என் தங்கை புருஷன்.
"ஒரீஸ்யா, மான் குறுக்கே வரும்" என்று
போன மாசம் பம்பரில் இரண்டு பெரிய விளக்கு மாட்டினான்.
ரிலே ஒன்று வைத்திருந்தால்
குமிழ் உத்தரவு மட்டும் கொடுக்கும்,
சுமையை ரிலே சுமக்கும்.
ரிலே பன்னிரண்டு டாலர்.
பழைய கம்பியிலேயே முறுக்கி டேப் சுற்றிவிட்டான்.

எண்ணிப் பார்த்தேன். வெளிச்சம் ஐந்து, இருட்டு மூன்று.
கால் விரல்களுக்கு உயிர் வர வர
வெளிச்சம் நாலு, இருட்டு ஐந்து.
அப்போதுதான் உறைத்தது:
என்னைச் சூடாக்கும் அதே காற்று
பட்டையையும் ஆறவிடாமல் வைத்திருக்கிறது.

ஹீட்டரை அணைத்தேன்.
கண்ணாடியை முழுக்க இறக்கினேன்.
கொஞ்ச தூரத்தில் வெளிச்சம் இருபது வரை வந்தது.
பிறகு நாற்பது.
எனக்கு அதற்கு மேல் எண்ண நாக்கு வரவில்லை.

டெல்மர் சொன்ன மான் வந்தது.
நடுச்சாலையில் நின்று பார்த்தது.
இருட்டு.
பிரேக்கைத் தொடாமல் மூச்சை மட்டும் பிடித்தேன்.
வெளிச்சம் வந்தபோது வெறும் சாலை.
எந்தப் பக்கம் போயிற்றென்று இன்றுவரை தெரியாது.

முற்றத்தில் குமிழைத் தள்ள விரல் மடங்கவில்லை,
உள்ளங்கையால் தள்ளினேன்.
எஞ்சின் அடங்கியபின்
டாஷ்போர்டுக்குள் எங்கோ டிக்கென்றது.
பட்டை நிமிர்ந்துவிட்டது, எரிய விளக்கில்லாமல்.
என் கைகள் இன்னும்
ஸ்டியரிங்கின் வட்டத்திலேயே இருந்தன.