இந்தக் கணினியை நம்பலாமா?

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
பல் மருத்துவருக்கும் நாலு நம்பர் கடைக்கும் இடையில்
ஆறடி அகலம் என் கைப்பேசிக் கடை.
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
மீதிப் பாதிக்குள் குனிந்து வந்தார்
லாரி ஓட்டும் சற்குணன்,
சட்டையெல்லாம் செம்பனைப் பழ வாடை.
கையில் மகள் கழித்துப்போட்ட ஐபோன்,
விரிசலுக்கு மேல் செலோடேப்.

"முந்நூத்திப் பன்னண்டு படம், தங்கச்சி.
நாளைக்கு ஒம்பது மணிக்குக் கோலப் பிலாவுல
தொழிலாளர் இலாகா கம்ப்யூட்டர்ல
இது தெரிஞ்சாகணும்."

எல்லாம் எடைச்சீட்டு.
மில் வாசலில் லாரி ஏறி நின்றால்
இயந்திரம் துப்புகிற வழவழத் தாள்.
டாஷ்போர்டில் ரெண்டு வாரம் கிடந்தால்
வெயில் எழுத்தைத் தின்றுவிடும்.
அதனால் பதினொரு மாதமாய்
நடைக்கு நடை படமெடுத்திருக்கிறார்.
சம்பளத் தாளில் இருந்தது
வேறு எடை.

கேபிள் டப்பாவைக் கவிழ்த்தேன்.
இருபது வால், இந்த வாய்க்கு ஒன்றுமில்லை.
பக்கத்து லிம்மிடம் இரவல் வாங்கிச் செருகியதும்
கைப்பேசி கேட்டது:
இந்தக் கணினியை நம்பலாமா?

அவர் கணினியைப் பார்த்தார்.
என் பழைய விண்டோஸ் பெட்டி,
பக்கத்துத் தகடு கழன்றது,
விசிறியில் பூனை முடி.
"இருவத்திரெண்டு வருசமா ஏறி நிக்கிறேன்.
அந்தத் தராசு ஒருநாளும்
இப்படிக் கேட்டதில்ல."
நம்பலாம் என்பதை அழுத்தினார்.

படங்கள் வந்தன. ஒன்றும் திறக்கவில்லை.
ஐபோன் தன் படத்தை ஹெயிக் என்று எழுதும்,
என் பெட்டிக்குத் தெரிந்தது ஜேபெக் மட்டும்.
இலாகாவின் பெட்டி இதைவிடக் கிழடாம்.
மாற்றிக் கொடுக்கும் செயலி ஒன்றை இறக்கினேன்.
இன்னும் ஒரு நிமிடம், என்றது பச்சைப் பட்டை.
ஒன்பது நிமிடமாய் அதையே சொன்னது.
கயிறு கட்டிய பையில் மைலோ வாங்கி வந்து
ஆளுக்கொன்றாய் உறிஞ்சினோம்.

திறந்தன.
சந்தோஷத்தில் நான் கவனிக்கவில்லை.
அவர்தான் விரலை வைத்தார்.
"தேதி?"

முந்நூற்றுப் பன்னிரண்டுக்கும் ஒரே தேதி,
இன்று.
பதினொரு மாதக் குலைகளையும்
இன்றிரவு எட்டேகாலுக்கு
ஒரே மூச்சில் அவர் இறக்கியதாய்ச்
சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது என் கணினி.
கம்பெனிக்கு வேறு வக்கீல் தேவையில்லை.

எல்லாவற்றையும் அழித்தேன்.
திரும்பச் செருகினேன்.
எடுத்த நாள் படத்தின் வயிற்றுக்குள் எங்கோ இருக்கும்,
அதைத் தோண்டி வெளியே இழுத்து
ஒவ்வொன்றுக்கும் பெயராகவே வைத்தேன்.
மார்ச் மூன்று, காலை ஆறு நாற்பது.
மார்ச் மூன்று, பதினொன்று பத்து.
மார்ச் நான்கு.

நடுவில் ஒன்று சீட்டில்லை.
லாரி நிழலில் வாய் திறந்து தூங்குகிறான்
குலை ஏற்றும் ரஃபிக்குல்,
நெஞ்சின்மேல் பாதி தின்ற நாசி லெமாக்.
"இதை எடுத்துடவா அண்ணே?"
"இருக்கட்டும். அன்னிக்கு மில்லு வாசல்ல
ஆறு மணி நேரம் வரிசை.
அதுக்கு எந்தச் சீட்டும் குடுக்கல."

விரலியில் ஒரு பிரதி,
மை தீரும்வரை தாளில் கொஞ்சம்.
சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டினார்,
மாட்டியதைத் தொட்டுப் பார்த்தார்.
முப்பது வெள்ளி வாங்கினேன்.
அதில் இரண்டு, கேபிள் வாடகை என்று லிம்முக்கு.

வந்த கோப்புகளை அன்றைக்கே அழிப்பது
நானே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி.
எஸ்டேட் மேனேஜரின் கைப்பேசியும்
திரை மாற்ற என்னிடம்தான் வரும்,
அவருக்கும் அதே விதிதான்.

ஷட்டரை உள்ளிருந்தே முழுக்க இறக்கினேன்.
சற்குணன் அழுத்திய அந்த ஒற்றைச் சொல்லில்
அழித்துவிடுவேன் என்பது இருந்ததா,
வைத்திருப்பேன் என்பதா?
அவரிடம் கேட்டிருக்கலாம்.

புதிய கோப்புறை ஏழு.
அந்தப் பெயரைக்கூட
நான் மாற்றவில்லை.