பாதை எண் ஏழு

முண்டந்துறை விடுதியில் சீட்டுக் குலுக்கினார்கள்.
எனக்கு விழுந்தது ஏழாம் பாதை.
ஆறு நாள். இஞ்சிக்குழிப் பக்கம்.
ஒரு திசைமானி, ஒரு அளவுநாடா,
மூக்குப்பொடிக் கரைசலில் ஊறிய காலுறை இரண்டு ஜோடி.
புலி தட்டுப்படுமா சார் என்ற
நாகர்கோவில் கல்லூரிப் பையனுக்கு
ரேஞ்சர் சொன்னார்:
அது பீ தட்டுப்பட்டாலே போதும் தம்பி,
அரசாங்கத்துக்குக் கணக்குதான் வேணும்.

கணக்கென்றால் நான் சரி.
விக்கிரமசிங்கபுரம் வங்கிக் கிளையில்
பதினோரு வருடமாக விரல் நனைத்து நோட்டு எண்ணுகிறேன்.
இங்கே எண்ணியது:
மிளாப் புழுக்கை, ஒரு குவியல், நேற்றையது.
காட்டெருதுச் சாணம், அகலமாய், வண்டு ஏறியது.
கரடி போட்டதில் ஈச்சங்கொட்டையும்
செரிக்காத கறையான் தலைகளும்.
குச்சியால் கிளறி எழுதும்போது
ஊரார் பணமெல்லாம் தொட்ட கைக்கு
அருவருப்பு ஒன்றும் தோன்றவில்லை.

முன்னால் நடந்தவன் பூதத்தான் காணி.
என்னைவிட நாலைந்து வயது இளையவன்.
செருப்புப் போட மாட்டான், பேச மாட்டான்.
அவன் நின்றால் நான் நிற்க வேண்டும்.
ஒருமுறை அப்படி நின்றபோது
தலைக்கு மேல் யாரோ மரம் அறுப்பதுபோல் சத்தம்.
இருவாச்சி, என்றான். றெக்கை.
நிமிர்வதற்குள் போய்விட்டது.
வெடிப்பலாவின் முள்தோடு ஒன்று மட்டும்
குரங்கு தின்றது போக மிச்சமாய்
என் தொப்பியில் வந்து விழுந்தது.

மூன்றாம் நாள் மழை.
பாறை இடுக்கில் குந்தியிருந்தோம்.
என் இமையில் அட்டை.
சுண்ணாம்பு தொட்ட விரலை நீட்டியவன்
கண்ணுல படும் என்று இழுத்துக்கொண்டான்.
குடித்துவிட்டுத் தானே விழட்டும் என்று
காத்திருந்த நேரத்தில்தான் சொன்னான்:

"ஒங்கள நான் பாத்திருக்கேன்.
போன ஐப்பசியில. மூணாம் நம்பர் சன்னல்.
நீங்க கண்ணாடிக்கு உள்ள இருந்திய.
இடக்கையால எழுதுனிய. தும்மிக்கிட்டே இருந்திய.
பச்ச வளையல்ல ஒண்ணு ஒடஞ்சிருந்துச்சு.
தேன் வித்த பணம், எடுக்க வந்தேன்.
கையெழுத்து ஒத்துவரலன்னு
பாக்காமலே தாளத் தள்ளிட்டிய."

புகார் இல்லை அவன் குரலில்.
மிளாவைச் சொல்வதுபோலத்தான் சொன்னான்:
எங்கே நின்றது, எந்தக் காது கிழிந்தது.
நான் என்ன சொல்ல?
திரும்ப வரலையா, என்றேன்.
"காரையார்ல படகு இல்ல. பெறவு மழ."
அட்டை விழுந்தது, கொழுத்த நாவற்பழமாக.
எழுந்து நடந்தோம்.

ஆறாம் நாள், திரும்பும்போது,
காலையில் நாங்கள் போன தடத்தின் மேல்
இன்னொரு தடம்.
என் பூட்ஸின் குதியில் பாதியை மூடிக்கொண்டு
நாலு விரல், ஓர் உள்ளங்கை, நகம் பதியாமல்.
அதில் ஊறிய தண்ணீர் இன்னும் தெளியவில்லை.
நாடாவைப் பிடித்தேன். கை நிற்கவில்லை.
"நம்ம பின்னாலயே வந்துருக்கு," என்றான்.
"அந்த வளைவு மட்டும்."
படிவத்தில் கடைசிக் கட்டம்: நேரில் கண்டது.
இல்லை, என்று எழுதினேன்.
யார் யாரை என்று அதில் கேட்டிருக்கவில்லை.

திங்கட்கிழமை, மூன்றாம் சன்னல்.
இமை இன்னும் அரிக்கிறது.
வெளியே சாரல்.
உணவு இடைவேளைப் பலகையை எடுத்துவிட்டு
உட்காரப் போனவள் பார்த்தேன்:
கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தரையில்,
ஈரத் தடம். வெறுங்கால். பெருவிரல் விலகியது.
வந்து, நின்று, கால் மாற்றி நின்று, திரும்பியிருக்கிறது.
விளிம்பு காயவில்லை.
பத்து நிமிடம் இருக்கும்.

கதவைத் தள்ளிப் படியிறங்கினேன்.
பாபநாசம் பஸ் புகைவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.
உள்ளே யாரோ என் பெயரையும்
ஒரு டோக்கன் நம்பரையும்
மாறி மாறிக் கூப்பிட்டார்கள்.